கேமரன் மலைக்குக் குடிவருகிறவர்கள் வேலையைக் காலையிலேயே முடியுங்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள ரிங்லெட் ஊருக்கு நான் குடிவந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வெயிலில் வளர்ந்தவன். வேலை கிடைத்து மலை ஏறியபோது கையில் இரண்டு ஸ்வெட்டரும், லீவு நாளெல்லாம் காட்டுக்குள் நடக்கலாம் என்ற ஆசையும்தான் இருந்தன. முதல் மாதம் துணி காயவில்லை, மாவு புளிக்கவில்லை, முதல் நடையிலேயே தொப்பலாக நனைந்து டார்ச் லைட் இல்லாமல் இருட்டில் தட்டுத் தடவி வீடு வந்தேன். இப்போது வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கே நாள் என்றால் காலை மட்டும்தான். ஏழு மணி சுமாருக்கு விடியும், பதினொன்று பன்னிரண்டு வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், அப்புறம் பள்ளத்தில் இருந்து மேகம் ஏறி வந்து இரண்டு மூன்று மணிக்கு மழை. தினமும் அப்படி இல்லைதான், ஆனால் தினமும் வரும் என்று நினைத்தே திட்டம் போடுங்கள். ஜனவரியில் இருந்து மார்ச் வரை கொஞ்சம் மழை குறைந்த காலம், ராத்திரிக் குளிரும் அப்போது கூடுதல். ஏப்ரல், மேயில் ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் அதைவிடப் பெரிய மழை.

வீடு தேடும்போது ஆற்றோரத்து வீட்டை வாடகை குறைவு என்று எடுக்காதீர்கள். 2013 அக்டோபரில் கனமழையின்போது சுல்தான் அபு பக்கார் அணையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மேடாக இருந்தாலும் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். வெட்டிய மண்மேடு, அதில் புதிதாக வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், செம்மண் நிறத்தில் கசியும் தண்ணீர், இதில் ஒன்று இருந்தாலும் வேறு வீடு பார்ப்பதுதான் நல்லது.

சமையல் தனிக் கதை. கீழே ராத்திரி அரைத்து வைத்த மாவு விடியும்போது பொங்கி மூடியைத் தள்ளும். இங்கே ராத்திரி பதினைந்து, பதினாறு டிகிரிக்கு இறங்கிவிடுவதால் அரைத்தது அரைத்தபடியே கிடக்கும். பக்கத்து வீட்டு அக்கா, வாழ்க்கை முழுக்கத் தேயிலை எடுத்தவர், என் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது தீபாவளிக்குத்தான் புளிக்கும் போல" என்று சிரித்தார். அவர் சொல்லிக் கொடுத்த வழி இதுதான்: உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்கி, சட்டியை மூடி, மீன் வாங்கப் போகும்போது எடுத்துப் போவோமே அந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் இரண்டு பாட்டில் சுடுதண்ணீர் வைத்துப் பெட்டியை மூடிவிட வேண்டும். காலையில் திறந்தால் மாவு பொங்கி மணக்கும். பருப்புக்கு பிரஷர் குக்கர் வாங்கிவிடுங்கள், இந்த மலையின் முக்கிய ஊரான தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 95 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும், திறந்த சட்டியில் கடலைப்பருப்பு வேகிறேன் வேகிறேன் என்று கேஸைத் தின்னும். தேங்காய் எண்ணெய் உறைந்து போனால் பயப்பட வேண்டாம், கெட்டுப் போகவில்லை.

துணியைக் காலையில் துவைத்து ஏழரைக்குக் கொடியில் போட்டுவிட வேண்டும், பதினொன்றரைக்கு எடுத்துவிட வேண்டும், மிச்ச ஈரத்துக்கு மின்விசிறி. தோல் சப்பாத்து, இடுப்பு வார் எல்லாம் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். அலமாரியில் வைக்க ஈரம் உறிஞ்சும் டப்பா கடையில் கிடைக்கிறது, அதில் தேங்கிய தண்ணீரைக் கொட்டும்போதுதான் எவ்வளவு ஈரத்துக்குள் படுத்துத் தூங்குகிறோம் என்று தெரியும்.

சரி, நடப்பதற்கு வருவோம். ஐந்நூறு வெள்ளி சப்பாத்து வேண்டியதில்லை. நம் அப்பா, தாத்தா பால்மரம் வெட்டப் போட்டுக்கொண்டு போன கறுப்பு ரப்பர் சப்பாத்து, ‘அடிடாஸ் கம்போங்’ என்று எல்லாரும் சொல்வது, சேற்றில் அதைப் போலப் பிடிக்கும் சப்பாத்து நான் பார்த்ததில்லை. ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கெட்டியான காலுறையோடு போடுங்கள், இல்லையென்றால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிடும், எனக்கு இரண்டு தடவை ஆனது. கணுக்காலுக்கு அது பிடிமானம் தராது, பழைய சுளுக்கு உள்ளவர்கள் யோசித்து வாங்குங்கள்.

தடங்களுக்கு இங்கே எண் உண்டு. தானா ராத்தாவில் இருந்து குனோங் ஜாசார் (குனோங் என்றால் மலை) ஏறும் 10-ஆம் எண் தடத்தில் ஆரம்பிக்கலாம், அரை நாளில் போய் வந்துவிடலாம். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள குனோங் பிரிஞ்சாங்குக்கு உச்சி வரை தார் ரோடே போகிறது, சுங்கை பாலாஸ் தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும். அதற்குப் பக்கத்தில்தான் பாசிக்காடு, அங்கே இருந்து ஆரம்பிக்கிறது 2,110 மீட்டர் குனோங் ஈராவ். இதை முதல் மாதத்தில் தொடாதீர்கள். வேர் மேல் வேர், நடுவில் முழங்கால் வரை சேறு, கையால் பிடித்துத்தான் ஏற வேண்டும். வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், தடத்தைச் சில சமயம் மூடியும் வைப்பார்கள், அதனால் கிளம்பும் முன் விசாரியுங்கள்.

எந்த மலையானாலும் எனக்கு ஒரே சட்டம். பன்னிரண்டு மணிக்கு எங்கே நிற்கிறேனோ அங்கேயே திரும்பிவிடுவேன். ஈராவில் ஒரு தடவை உச்சிக்கு அரை மணி நேரம்தான் பாக்கி என்று கூட வந்தவர்கள் கெஞ்சினார்கள், நான் இறங்கினேன், திட்டிக்கொண்டே அவர்களும் இறங்கினார்கள். பட்டு வியாபாரி ஜிம் தோம்சன் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு, தங்கியிருந்த பங்களாவில் இருந்து பிற்பகலில் தனியாக வெளியே போனார், போலீசும் ஹெலிகாப்டரும் காட்டை நன்கு அறிந்த பூர்வக்குடி மக்களும் தேடியும் இன்றுவரை ஒரு தடயம்கூட இல்லை. கடத்தல் என்கிறார்கள், புலி என்கிறார்கள். எனக்கு அதில் படுவது பிற்பகல், தனியாக என்ற இரண்டு சொற்கள்தான்.

பையில் டார்ச் லைட், விசில், மழைச்சட்டை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு காய்ந்த டி-சட்டை. நனைந்த சட்டையோடு மேட்டுக் காற்றில் நின்றால் உடம்பு நடுங்கி, புத்தியும் மந்தமாகிவிடும், அப்போதுதான் வழி தவறுகிறது. சுடச்சுட மைலோ ஒரு பிளாஸ்க். போன் கிடைக்காத இடங்கள் நிறைய, வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வையுங்கள். எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வழி தவறியது மாதிரி இருந்தால் ஆற்றைப் பிடித்து இறங்க வேண்டாம், பாறை, அருவி என்று மாட்டிக்கொள்வீர்கள். கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து விசில் அடியுங்கள், சிக்னல் இருந்தால் அவசர எண் 999. அட்டை கடித்தால் பிய்க்காமல் நகத்தால் வாயை ஓரமாகத் தள்ளினால் விட்டுவிடும்.

காடி ஓட்டுகிறவர்களுக்கு: தாப்பா ரோட்டில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறையுங்கள். மண்சரிவால் ரோடு மூடினால் சிம்பாங் பூலாய் வழி உண்டு, சுங்கை கோயான் வழியும் உண்டு, ஆனால் மழைக்காலத்தில் எண்ணெய்த் தொட்டி பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒரு வாரத்துக்கு அரிசியும் வீட்டில் இருக்கட்டும்.

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் பத்து மணிக்கு மேல் பிரிஞ்சாங் ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது, ஸ்ட்ராபெரி வாங்க வந்த காடிகள் தானா ராத்தா வரை வாலாக நிற்கும். ஏழு மணிக்கு நடக்கக் கிளம்பி, அவர்கள் ஏறி வரும் நேரத்தில் வீட்டுக்கு இறங்கிவிடுங்கள். சேற்றுச் சப்பாத்தைப் பின்வாசலில் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டியைத் திறந்தால் தோசைக்கு மாவு தயாராக இருக்கும்.