ஃபிளஷ் டேங்க் ஒழுகினால் முதலில் பென்சிலை எடுங்கள்

குடியிருப்புப் பராமரிப்பு வேலையில் இருப்பதால் ஒழுகும் ஃபிளஷ் டேங்குகளோடுதான் என் பாதிப் பொழுது போகிறது. எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது, உடனே கடைக்கு ஓடாதீர்கள் என்பதுதான். தண்ணீர் மேலே வழிகிறதா, கீழே கசிகிறதா என்று தெரியாமல் சாமான் வாங்கினால், நன்றாக இருக்கும் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுவைப்பீர்கள்.

கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும். டேங்க் மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் உட்சுவரில் ஒரு கோடு போடுங்கள். சுவரோரம் இருக்கும் ஆங்கிள் காக்கை (டேங்குக்குத் தண்ணீர் விடும் சிறு குழாய்த் திருகை) மூடிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். அதுவரை யாரும் ஃபிளஷ் அழுத்தக் கூடாது; வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். மட்டம் கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போனால் கோளாறு அடியில். கோட்டிலேயே நின்று, ஆனால் அந்தக் கோடு ஓவர்ஃப்ளோ குழாயின் (மட்டம் மீறிய தண்ணீரைக் கோப்பைக்குள் வடியவிடும், டேங்குக்குள் நிற்கும் குழாயின்) வாய்க்குச் சமமாக இருந்தால், தண்ணீரை உள்ளே விடும் வால்வு சரியாக அடைக்கவில்லை. சந்தேகம் தீராவிட்டால் டேங்கில் கொஞ்சம் சமையல் நிறப்பொடியைக் கரைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கழிவறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி. பார்த்ததும் ஃபிளஷ் செய்துவிடுங்கள், கறை பிடிக்கும்.

சத்தமே வராத கசிவை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டேங்கின் உட்புறம் 40 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் என்றால், 1 செ.மீ. இறங்கினால் 600 மில்லி. பத்து நிமிடத்துக்கு அவ்வளவு இறங்கினால் ஒரு நாளைக்கு 86 லிட்டர்!

மேல்வழிக் கோளாறு எளிது. மிதவையின் திருகையோ கிளிப்பையோ நகர்த்தி, ஓவர்ஃப்ளோ வாய்க்கு 2.5 செ.மீ. கீழேயே தண்ணீர் நிற்கும்படி இறக்குங்கள். அப்படியும் ஏறினால் வால்வின் தலைமூடியைத் திறந்து வாஷரைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மணல் துணுக்குதான் மாட்டியிருக்கும்.

அடிக்கசிவுதான் அதிகம் வருவது. காக்கை மூடி, ஃபிளஷ் செய்து டேங்கைக் காலி பண்ணுங்கள். ஃபிளாப்பர் வகையானால், அதாவது அடித் துளையை ஒரு ரப்பர் மூடி அடைக்கும் வகையானால், அந்த மூடியின் விளிம்பை விரலால் தடவுங்கள். விரலில் கறுப்பு ஒட்டினாலோ, ரப்பர் விறைத்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் அதைத் தூக்கும் சங்கிலியைப் பாருங்கள்: இழுத்துக் கட்டியதுபோல் இருந்தால் ஃபிளாப்பர் முழுதாக உட்காராது, ரொம்ப நீளமானால் அதனடியிலேயே சிக்கிக்கொள்ளும். ஒரு செ.மீ. தொய்வு போதும். ஃபிளாப்பர் உட்காரும் வளையத்தில் உப்புப் படிந்திருந்தால் புது ரப்பர் போட்டாலும் ஒழுகும். வினிகரில் நனைத்த துணியால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். கம்பி நார் வேண்டாம், கீறல் விழும்.

இரண்டு பொத்தான் வைத்த டேங்குகளில் நடுவில் இருக்கும் வால்வு பெரும்பாலும் கால் சுற்றுத் திருகினால் கழன்றுவிடும். அதன் அடியில் உள்ள வாஷரைக் கழுவிப் போட்டாலே பாதி கேஸ் முடிந்துவிடும். மாற்றுவதானால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அளவு மாறும்.

டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளை நான் எங்கும் அனுமதிப்பதில்லை. கோப்பை பளபளக்கும், உள்ளே ரப்பர் அரித்துப் போகும்.

வேலை முடிந்ததும் பென்சில் சோதனையை மறுபடி செய்யுங்கள், இந்த முறை இரவு முழுக்க. சாமான் கிடைக்கும்வரை ஆங்கிள் காக்கை மூடிவைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்து நிரப்பிக்கொள்ளலாம். பல வருடம் திருகாத காக்காக இருந்தால் மெதுவாகத் திருப்புங்கள். வேகமாகத் திருகினால் அதன் கழுத்திலிருந்தே சொட்ட ஆரம்பிக்கும், பிறகு மெயின் வால்வைத் தேடி ஓட வேண்டியதுதான்.