காய்ச்சல் எத்தனை டிகிரி இறங்கியது? பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டு வீடுகளில் டிகிரி இரண்டு வகை. ஏசி ரிமோட்டில் 24 என்றால் செல்சியஸ். காய்ச்சல் 102 என்றால் பாரன்ஹீட். வெயில் இரண்டிலும் காயும்: போனில் 40, மறுநாள் பேப்பரில் 'வேலூரில் 104 டிகிரி'. இதற்கெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடுவீர்கள். எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று யாராவது கேட்கும்போதுதான் வம்பு.

மகளுக்குக் காய்ச்சல். லண்டனில் வாங்கிய தெர்மாமீட்டர் 39.5 காட்டியது, மருந்து கொடுத்தபின் 38.5. "ஒரு டிகிரி இறங்கியிருக்கு அத்தை" என்றேன். "ஒண்ணுதானா? கிளம்பு ஆஸ்பத்திரிக்கு!" அத்தை மகன் போனில் 1 செல்சியஸ் என்று தட்டிப் பார்த்து, "33.8 பாரன்ஹீட்டாம்" என்றான். அவ்வளவு இறங்கினால் பிள்ளை உயிரோடு இருக்குமா என்று அத்தை அவன்மேல் பாய, ஆட்டோ வந்துவிட்டது.

போன் சொன்னது தவறில்லை, கேட்ட கேள்விதான் தவறு. தண்ணீர் உறைவது செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. அதனால்தான் வெப்பநிலையை மாற்றும்போது 1.8-ஆல் பெருக்கியபின் 32-ஐயும் கூட்டுகிறோம். ஒரு வெப்பநிலையிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் அந்த 32 இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். மிச்சம் 1.8-ஆல் பெருக்குவது மட்டும். மகளுக்குப் பாரன்ஹீட்டில் 103.1 இருந்தது 101.3 ஆகியிருக்கிறது, இறங்கியது 1.8. மனக்கணக்காகப் போட, இரட்டித்துப் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். வானிலை அறிக்கையில் 'இயல்பைவிட 3 டிகிரி செல்சியஸ் அதிகம்' என்று வந்தால், 6-இல் 0.6 போக 5.4 பாரன்ஹீட். திருப்பிப் போட, 9 பாரன்ஹீட் ஏறினால் 5 செல்சியஸ்.

இதையெல்லாம் ஆட்டோவில் அத்தையிடம் விளக்க முடியுமா? அவசரப் பிரிவு பெஞ்சில் நள்ளிரவுவரை உட்கார்ந்திருந்தோம். கட்டணச் சீட்டு ஒரு கவுன்டரில், பணம் இன்னொன்றில், சில்லறை எங்குமே இல்லை. கடைசியில் நர்ஸ் பார்த்துவிட்டு, "நூத்தி மூணுலேர்ந்து நூத்தி ஒண்ணுக்கு வந்துடுச்சே, நல்லா இறங்குதும்மா" என்றார். அத்தை உடனே சமாதானம்.

எரிச்சல் வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அப்பாவின் கடைசிக் காய்ச்சலை, கிழித்த தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் மணிவாரியாக எழுதி வைத்தவர் இதே அத்தைதான். 101, 102.4, 100.8. அப்போது எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் வாயைத் திறக்காமல் படுத்துவிட்டேன்.

பல டிஜிட்டல் தெர்மாமீட்டர்களில் அளவை மாற்றிக்கொள்ளலாம். விமானம் ஏறுமுன்பே பாரன்ஹீட்டுக்கு மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் ஊர் மெடிக்கலில் ஒன்று வாங்குங்கள். அப்புறம், எத்தனை இறங்கியது என்று நீங்களாகச் சொல்லவே வேண்டாம். இப்போது எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள், கழித்தலை அத்தைகள் பார்த்துக்கொள்வார்கள்.