நாய் இருக்கிற வீட்டில் அரளியும் இருக்கிறதா?
பினாங்கில் நம்மவர்கள் வீட்டு வாசலில் சாமிக்குப் பறிக்க ஓர் அரளி நிற்கும். அதன் இலை, பூ, குச்சி எல்லாமே நாயின் இதயத்தைத் தாக்கும் விஷம், காய்ந்த கிளையிலும் அது போகாது, அதனால் வெட்டியவுடன் அள்ளிக் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். சின்னப் பனை மாதிரி இருக்கும் அழகுச் செடியான சைக்கஸ் இன்னும் மோசம். ஆரஞ்சு நிறக் கொட்டை தரையில் உருண்டால் குட்டி விடுமா? ஒன்றிரண்டு தின்றாலே கல்லீரல் கெட்டு உயிர் போகலாம். என்னைக் கேட்டால் அந்தச் செடியே வேண்டாம். மணி பிளாண்டைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும், எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். அப்புறம், எதையாவது மென்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; மிச்ச இலையைப் பையில் போட்டுக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.