எஸ்பிளனேடுக்கு முதன்முறை போகிறீர்களா? டிக்கெட்டைக் கடைசியில் வாங்குங்கள்

சிங்கப்பூருக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியும் எஸ்பிளனேடு கலையரங்கத்துக்குள் கால் வைக்காதவர்கள் என் நண்பர்களிலேயே நான்கைந்து பேர் இருக்கிறார்கள். மெர்லயன் என்ற சிங்கத்தலைச் சிலையின் முன்னால் நின்று எடுத்த படம் மட்டும் எல்லோரிடமும் உண்டு. அந்தப் படத்தின் ஓரத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம், முள் முளைத்த இரண்டு கூடாரங்களும் விழுந்திருக்கும். "அது என்ன, ஸ்டேடியமா?" என்பார்கள். விவரம் சொன்னால், "ஐயோ, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போகிற இடம், நமக்கெதுக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முதல்முறை போனபோது எடுத்த எடுப்பிலேயே விலை கூடிய டிக்கெட் வாங்கி, எங்கே நுழைவது, எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு மணிநேரம் விறைத்து உட்கார்ந்துவிட்டு வந்தேன். இப்போது யாராவது கேட்டால் நான் சொல்லும் வரிசையே வேறு. அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: பணம் இல்லாமல் ஒரு மாலை

எஸ்பிளனேடில் நடக்கும் நிகழ்ச்சிகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு இலவசம். முன்பதிவும் கிடையாது, அழைப்பிதழும் கிடையாது. போனால் உட்காரலாம், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம், யாரும் முறைக்க மாட்டார்கள்.

இலவச நிகழ்ச்சிகள் முக்கியமாக இரண்டு இடங்களில் நடக்கும். ஒன்று, உள்ளே நுழைந்ததும் வரும் பெரிய கூடம். அதைக் கான்கோர்ஸ் என்பார்கள். குளிர்சாதனம் உண்டு. இன்னொன்று, தண்ணீரை ஒட்டிய திறந்தவெளி அரங்கம். மேலே கூரை இருக்கிறது, பக்கங்கள் திறந்தவை. வார இறுதி மாலைகளில் இரண்டிலும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி இருக்கும். ஒரே குழு இடைவெளி விட்டு இரண்டு முறை மேடையேறுவதும் உண்டு. முதல் சுற்றைத் தவறவிட்டால் சாப்பிட்டுவிட்டு இரண்டாவதற்கு வரலாம்.

அதனால் முதல் வேலை, எஸ்பிளனேடின் இணையத்தளத்தில் நீங்கள் போகும் நாளைத் தட்டி, இலவச நிகழ்ச்சிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். நம்மூர்க் கலைகள்தான் வேண்டும் என்பவர்கள் தீபாவளியை ஒட்டிய நாள்களுக்குக் காத்திருக்கலாம். 2002 முதல் ஆண்டுதோறும் 'கலா உத்சவம்' என்ற இந்தியக் கலைவிழா, பெரும்பாலும் நவம்பரில், இங்கே நடக்கிறது. பரதம், கர்நாடக இசை, நாடகம், சிறுவர் நிகழ்ச்சி என்று பத்து நாள் போல ஓடும். சீனப் புத்தாண்டை ஒட்டிச் சீனக் கலைகளுக்கு 'ஹுவாயீ', மலாய்க் கலைகளுக்குப் 'பெஸ்தா ராயா' என்று தனி விழாக்கள் உண்டு. என்னைக் கேட்டால் முதல் தடவை நமக்குத் தெரியாத கலையைப் பார்ப்பதே மேல். சரியாகப் பாடினார்களா, தாளம் தப்பியதா என்று கணக்குப் போடாமல் கண்ணும் காதும் சும்மா இருக்கும்.

படி 2: போய்ச் சேர்வது

எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலின் வட்டப் பாதையில் எஸ்பிளனேடு என்றே ஒரு நிலையம் இருக்கிறது. 2010-இல் திறந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து வருபவர்கள் வடகிழக்குப் பாதையில் ஒரே நிறுத்தம் போய் தோபி காட்டில் மாறினால், அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம். சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கினாலும் சரி, சிட்டிலிங்க் என்ற நிலத்தடிக் கடைவீதி வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் வந்துவிடும். மழைக்காலத்தில் நான் இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன். குடை விரிக்காமலே வந்து சேரலாம். வழிகாட்டிப் பலகைகளை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரியாத சுரங்க நடையில் ஒரு திருப்பம் தப்பினாலும் வேறு ஏதோ கடைத்தொகுதியில் போய் முளைப்பீர்கள்.

முள்தோல் கொண்ட டுரியான் பழம் மாதிரி இருப்பதால் சிங்கப்பூர்க்காரர்கள் இந்தக் கட்டடத்தைச் செல்லமாக 'டுரியான்' என்பார்கள். நிஜ டுரியான் பழத்தை எம்ஆர்டியில் ஏற்ற விடமாட்டார்கள், வாடை அப்படி. இந்த டுரியானிடம் அதே எம்ஆர்டி கொண்டுபோய் விடுகிறது.

படி 3: நிகழ்ச்சிக்கு ஒரு மணிநேரம் முன்பே போய் கட்டடத்தைச் சுற்றுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

முதலில் வெளியே நின்று அந்த முள்களைப் பாருங்கள். அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. உள்ளே இருப்பது கண்ணாடிக் கூடு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊரில் கண்ணாடிக் கூடு கட்டினால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். அதனால் 7,000-க்கும் மேற்பட்ட முக்கோண அலுமினியத் தகடுகளைக் கண்ணாடிக்கு மேல் பொருத்தியிருக்கிறார்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கேற்ப அவற்றை வெவ்வேறு சாய்வில் பொருத்தியிருக்கிறார்கள். நம்மூர் வீடுகளில் சன்னலுக்கு மேல் சன்ஷேடு வைப்போமே, அதே வேலைதான். கூட்டுக்கு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் வருகிறது, வெயில் வரவில்லை என்பது புரியும்.

சிங்கப்பூரின் டிபி ஆர்க்கிடெக்ட்ஸும் பிரிட்டனின் மைக்கேல் வில்ஃபோர்டு நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தது. 2002 அக்டோபர் 12 அன்று திறந்துவைத்தவர் அப்போதைய அதிபர் எஸ். ஆர். நாதன், நம் தமிழர். செலவு ஏறத்தாழ 60 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). இவ்வளவு பணத்தில் இது தேவையா என்ற வாக்குவாதம் எந்த ஊரிலும் எழும், இங்கேயும் எழுந்தது.

பிறகு உள்ளே. இரண்டாம் தளத்தில் 'ஜெண்டேலா' என்ற சிறிய ஓவியக் காட்சியிடம் இருக்கிறது, கட்டணமில்லை. மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சன்னல் என்று பொருள். போர்த்துக்கீசியர் 'ஜனேலா' என்றதை மலாய்க்காரர்கள் ஜெண்டேலா ஆக்கினார்கள், நாம் சன்னல் ஆக்கினோம். ஒரே கப்பலில் வந்திறங்கிய சொல் இரண்டு கரைகளில் இரண்டு வேடம் போட்டிருக்கிறது. அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

மூன்றாம் தளத்தில் நிகழ்த்துகலைகளுக்கான பொது நூலகம். இசை, நடனம், நாடகம், திரைப்படம் என்று அடுக்கியிருப்பார்கள். அதற்கும் மேலே மொட்டைமாடித் தோட்டம். கட்டணம் கிடையாது. மரினா பே முழுவதும் அங்கிருந்து விரியும்: எதிரே மூன்று கோபுரங்களின் மேல் படகை ஏற்றி வைத்தது போன்ற ஹோட்டல், வலதுபுறம் வானளாவிய வங்கிக் கட்டடங்கள், கீழே மெர்லயன். இதே காட்சிக்குப் பக்கத்தில் பல இடங்களில் பானம் வாங்கினால்தான் உட்கார இடம்.

கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், உப்புக்காற்றே இல்லையே என்று தோன்றலாம். அது கடல் இல்லை. முன்பு கடலாக இருந்த இடம்தான். 2008-இல் மரினா தடுப்பணை வந்தபின் கடல்நீரை வெளியே நிறுத்தி, இதை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஊருக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் ஒன்று.

படி 4: இப்போது டிக்கெட்

ஒன்றிரண்டு இலவச மாலைகள் கழிந்தபின் இங்கே வாருங்கள்.

பெரிய அரங்குகள் இரண்டு. இசையரங்கில் ஏறத்தாழ 1,600 இருக்கைகள், நாடக அரங்கில் ஏறத்தாழ 2,000. இவை போக 200 பேர் சொச்சம் உட்காரக்கூடிய சிறிய அரங்குகள் இரண்டும், 2022-இல் தண்ணீரோரம் புதிதாகத் திறந்த, சுமார் 550 பேர் கொள்ளும் நடுத்தர அரங்கு ஒன்றும் உண்டு. டிக்கெட்டில் எந்த அரங்கு என்று முதலில் பாருங்கள். வாசல்கள் வேறு வேறு.

நாடக அரங்கு குதிரை லாட வடிவம், பழைய ஐரோப்பிய ஆப்பெரா அரங்குகள் மாதிரி. ஓரத்து இருக்கைகள் மலிவு. ஆனால் மேடையின் ஒரு மூலை மறையும். நடனத்துக்கு அங்கே வாங்காதீர்கள். நடுவில், மேல்மாடியாக இருந்தாலும் பரவாயில்லை. குழு நடனத்தின் அமைப்பு மேலிருந்துதான் தெரியும்.

இசையரங்கின் கதை வேறு. அங்கே காதுக்குத்தான் முதல் இடம், கடைசி வரிசையிலும் ஒலி குறையாது. அமெரிக்க ஒலியியல் வல்லுநர் ரஸல் ஜான்சனின் ஆர்டெக் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. மேடைக்கு மேல் ஒரு பெரிய விதானம் தொங்கும். நிகழ்ச்சிக்கேற்ப அதை ஏற்றி இறக்குவார்கள். அரங்கைச் சுற்றிச் சுவருக்குப் பின்னால் வெற்று அறைகள் உண்டு. அவற்றின் கனத்த கதவுகளைத் திறந்தால் ஒலி உள்ளே போய்ச் சுழன்று வரும், எதிரொலி நீளும். கோயில் பிராகாரத்தில் நாகஸ்வரம் கேட்டவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஒலிபெருக்கி வைத்த கச்சேரி என்றால் திரைகளை இறக்கி எதிரொலியை அமுக்கிவிடலாம். மேடைக்குப் பின்னால் எழுந்து நிற்கும் குழாய்கள் ஜெர்மனியின் கிளாய்ஸ் நிறுவனம் செய்த ஆர்கன் என்ற காற்று வாத்தியத்துடையவை. மொத்தம் 4,740 குழாய்கள். கண்ணுக்குத் தெரிவது அதில் கொஞ்சம்தான்.

மேடைக்குப் பின்புறமும் சில வரிசைகள் உண்டு, பாடகர் குழுவுக்கானவை. அவர்கள் இல்லாத நாள்களில் சில நேரம் அவை மலிவாக விற்பனைக்கு வரும். வாத்தியக்காரர்களின் முதுகு தெரியும், ஆனால் அவர்கள் எதிரே நின்று கையசைத்து இசைக்குழுவை நடத்தும் நடத்துநரின் முகம் நேரே தெரியும். அந்த முகத்தைப் பார்க்கவே நான் அங்கே வாங்குவேன்.

டிக்கெட்டை எஸ்பிளனேடின் தளத்திலேயே வாங்கலாம். வெளிக் குழுக்கள் நடத்தும் சிலவற்றுக்கு சிஸ்டிக் தளம். பதிவுக் கட்டணம் தனியாகச் சேரும். வயது வரம்பைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் போகவேண்டாம். பல நிகழ்ச்சிகளில் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே அனுமதியே இல்லை.

படி 5: அந்த மாலை

உடை: கோட்டு சூட்டு வேண்டாம். முழுக்கால் சட்டை, சுத்தமான மேல்சட்டை, மூடிய செருப்பு போதும். புடவை, சல்வார், ஜிப்பா எல்லாம் தாராளமாக. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் மட்டும் வேண்டாம். ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே குளிர் எலும்பைத் தொடும்.

நேரம்: ஏழரை என்றால் ஏழரைதான். நம் சபாக்களில் துக்கடா நேரத்தில்கூட ஆள் உள்ளே வரும், கேண்டீனில் ரவா தோசை முடித்துவிட்டு. இங்கே கதவு மூடினால் மூடியதுதான். பொருத்தமான இடைவெளி வரும்போதுதான் உள்ளே விடுவார்கள். ஒருமுறை ரயில் மாறுவதில் அசட்டை செய்து பத்து நிமிடம் பிந்திப் போனேன். முதல் உருப்படி முழுவதையும் வெளியே நின்றபடி கற்பனையில் கேட்டேன்.

போன்: சத்தத்தை அணைத்தால் போதாது, வெளிச்சமும் போகவேண்டும். இருட்டில் ஒரு திரை ஒளிர்ந்தால் பின்னால் பத்து வரிசைக்குத் தெரியும். படம் எடுக்க ஆசை என்றால் தொடங்கும் முன்பே அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கைதட்டல். நம் கச்சேரியில் நல்ல சங்கதி வந்தால் அங்கேயே "பேஷ்" என்போம், தொடையில் தாளம் போடுவோம், தனி ஆவர்த்தனம் முடிந்தால் தட்டுவோம். மேற்கத்திய இசைக்குழுவின் சிம்ஃபொனி கச்சேரியில் அது நடக்காது. ஒரு சிம்ஃபொனி பெரும்பாலும் நான்கு பகுதியாக வரும். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் ஒரு மௌனம், நான்கைந்து இருமல். அப்போது தட்டக்கூடாது. ராகம், தானம், பல்லவி மூன்றும் சேர்ந்து ஒரு உருப்படி என்று நாம் கொள்வது மாதிரி, நான்கும் சேர்ந்து ஒன்று. என் முதல் கச்சேரியில் முதல் பகுதி தடாலென்று முடிந்ததும் நான் மட்டும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். 1,600 பேர் அமைதியில் அந்த இரண்டு தட்டும் என்னமாய் ஒலித்தன! அரங்கின் ஒலியமைப்பு அவ்வளவு சிறப்பு. எப்போது தட்டுவது என்று தெரியாவிட்டால், நடத்துநர் கைகளை முழுக்க இறக்கி நம் பக்கம் திரும்பும்வரை பொறுங்கள். அதற்குள் பக்கத்திலிருப்பவர்களே தொடங்கிவிடுவார்கள்.

படி 6: வெளியே வந்தபின்

பசிக்கும். அரங்கை ஒட்டியே மக்கான்சூத்ரா குளட்டன்ஸ் பே என்ற திறந்தவெளி உணவங்காடி, மாலையில் திறக்கும். குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சாத்தே, கேரட் கேக் என்று அழைக்கப்படுகிற கேரட்டே இல்லாத முள்ளங்கிப் பண்டம் எல்லாம் கிடைக்கும். சைவர்கள் ஒவ்வொரு கடையிலும் கேட்டே வாங்குங்கள். காய்கறிக் குழம்பிலும் இறால் விழுது ஒளிந்திருக்கலாம். சுற்றுலாப் பகுதி விலைதான், தெரிந்தே போங்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் எஸ்பிளனேடு பூங்கா. அங்கே பலர் கவனிக்காமல் கடந்துபோகும் நினைவுக்குறி ஒன்று இருக்கிறது. 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் மாண்ட வீரர்களுக்காக இங்கே நினைவுத்தூணுக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினார்கள். இப்போது இருப்பது தூண் நின்ற இடத்தைக் காட்டும் அடையாளம். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஏராளம். நான் யாரைக் கூட்டிப்போனாலும் இரண்டு நிமிடம் அங்கே நிற்க வைத்துவிட்டுத்தான் விடுவேன்.

கால் வலிக்காவிட்டால் 2015-இல் திறந்த ஜூபிலி பாலம் வழியாக மெர்லயன் பக்கம் நடந்து, அங்கிருந்து திரும்பி ஒரு படம் எடுங்கள். இரவில் விளக்குகள் ஏற்றிய முள்கூடுகள் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அந்தக் கரையிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையம் பக்கம். திரும்ப எஸ்பிளனேடுக்கே நடக்கவேண்டாம். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டித்தான், ஆனால் பாதை மாறவேண்டியவர்கள் பதினொன்றேகாலுக்கே கிளம்பிவிடுங்கள்.