தாய்லாந்து பாஸ்போர்ட்டில் வெளிநாட்டுச் சுற்றுலா: விசா மனுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்கில் ஷெங்கன் விசாவுக்கு (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) மனுப் போட்டு மறுக்கப்பட்டவரிடம் காரணம் கேட்டால், "பேங்கில் பணம் பத்தவில்லை போல" என்பார். கூடவே வந்த மறுப்புப் படிவத்தைப் படித்தால் தெரியும், பணம் அதிலுள்ள பல காரணங்களில் ஒன்று மட்டும்தான். பயண நோக்கம் தெளிவாக இல்லை, கொடுத்த தகவல் நம்பும்படி இல்லை, விசா முடிவதற்குள் கிளம்பிவிடுவாரா என்பதில் சந்தேகம் என்று இன்னும் பல இருக்கின்றன. பேங்க் இருப்பைக் கூட்டினால் இவை தீராது. கொடுத்த தாள்கள் எல்லாம் ஒரே ஆளைப் பற்றி, ஒரே பயணத்தைப் பற்றிப் பேசுகின்றனவா என்றுதான் அதிகாரி பார்க்கிறார். தாய்லாந்து ஆவணங்களில் அது பிசகும் இடங்கள் சில உண்டு. அங்கே குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களும், தாய்லாந்துக்காரரை மணந்தவர்களும் அவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

விசா வேண்டாத நாடு என்றால்?

ஜப்பான் 2013 ஜூலை முதல் தாய்லாந்துக்காரர்களை விசா இல்லாமல் விடுகிறது. ஆனால் 15 நாளுக்குத்தான். மூன்று வாரம் சுற்ற நினைப்பவர் முன்கூட்டியே தூதரகத்தில் விசா வாங்கியாக வேண்டும். தென்கொரியாவுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். ஆனாலும் கே-ஈடிஏ என்ற ஆன்லைன் அனுமதி வேண்டும். அது கையில் இருந்தாலும் இன்ச்சோன் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. சுற்றுலா என்று போய், அனுமதி இல்லாமல் வேலையில் தங்கிவிட்ட தாய்லாந்துக்காரர்கள் அங்கே ஏராளம் என்பதால் கெடுபிடி அதிகம். 2023இல் கொரியப் பயணத்தையே புறக்கணிப்போம் என்று தாய்லாந்து சமூக வலைத்தளங்கள் கொதிக்கும் அளவுக்கு அது போனது. ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், வேலைக் கடிதம் மூன்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரத்தில் வந்து விழும் பணம்

அதிகமான மனுக்களைக் கெடுப்பது இதுதான் என்பது என் எண்ணம். பாங்காக்கை ஒட்டிய நொந்தபுரியில் இருந்து ஆன்லைனில் துணி விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் கணக்கில் தினமும் ப்ராம்ப்ட்பே என்ற பணப் பரிமாற்ற வசதி வழியாக 290, 350, 590 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று வந்துகொண்டே இருக்கும். வந்த வேகத்தில் சரக்குக்குப் போய்விடும். மாதக் கடைசியில் இருப்பு 20,000 பாட்டைத் தாண்டாது. ஐரோப்பா போக இது போதாது என்று பயந்து, மனுவுக்கு ஒரு வாரம் முன்னால் அக்காவிடம் 3 லட்சம் பாட் வாங்கிக் கணக்கில் போடுகிறார். ஸ்டேட்மென்டைப் புரட்டும் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது அந்த ஒரு வரிதான். அதற்கு மேலே இருக்கும் நூற்றுக்கணக்கான சின்ன வரவுகள்தான் அந்தப் பெண்ணின் உண்மையான பலம். அந்த 3 லட்சம் அவற்றின் மேலும் சந்தேகத்தை வரவழைத்துவிடுகிறது.

செய்ய வேண்டியது வேறு. அக்கா செலவை ஏற்கிறார் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லலாம். அக்காவின் கடிதம், அவருடைய ஸ்டேட்மென்ட், இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று காட்டும் தாள், இவற்றை வைத்தால் போதும். தன் கணக்கை உள்ளபடியே கொடுத்து, கூடவே வணிகப் பதிவுச் சான்று, வருமான வரி கட்டிய ரசீது, கடைப் பக்கத்தின் அச்சுப்படி ஆகியவற்றைச் சேர்க்கலாம். நிலத்தை விற்ற பணமோ போனஸோ நிஜமாகவே வந்திருந்தால், அந்த வரிக்குப் பக்கத்தில் குறிப்பெழுதி ஒப்பந்த நகலை இணைத்துவிட வேண்டும்.

சம்பளக்காரர்களுக்கு வேலைக் கடிதம்தான் உயிர். பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், அனுமதித்த விடுப்பு நாட்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடிதத்தில் 35,000 பாட் என்றிருந்து ஸ்டேட்மென்டில் 31,400 வந்தால் பிடித்தம் போன தொகைதான் என்று நமக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரிய ஒரு சம்பளச் சீட்டு வையுங்கள்.

543 ஆண்டு இடைவெளி

தாய்லாந்து அரசுத் தாள்கள் புத்த ஆண்டில் ஓடுகின்றன. 2026 அங்கே 2569. தபியன் பான் என்னும் வீட்டுப் பதிவேடு, திருமணச் சான்று, பெயர் மாற்றச் சான்று எல்லாம் அந்தக் கணக்குதான். மொழிபெயர்க்கும்போது 543ஐக் கழிக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிசகுவது சுருக்கி எழுதும் இடத்தில். அலுவலக விடுப்புக் கடிதத்தில் "10/04/69" என்று போட்டிருப்பார்கள். தூதரகத்தில் அதைப் படிப்பவருக்கு அது 1969. ஆங்கிலத்தில் போகும் எந்தத் தாளிலும் மாதத்தை எழுத்தில், ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் பெயர். ராசிக்காகவோ வேறு காரணத்துக்காகவோ பெயரை மாற்றிக்கொள்வது தாய்லாந்தில் சர்வசாதாரணம். பட்டச் சான்றில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொன்று, நிலப் பத்திரத்தில் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்று இருந்தால், நடுவில் நடந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் சான்று வேண்டும். கடைசி மாற்றத்துக்கு மட்டும் வைத்தால் சங்கிலி அறுந்துவிடும். பெயரே மாறாவிட்டாலும் ரோமன் எழுத்துக்கூட்டல் மாறும். ஒரே பெயர் ஒரு தாளில் 'போர்ன்' என்றும் இன்னொன்றில் 'பொன்' என்றும் முடியும். பேங்கில் ஆங்கிலக் கடிதம் கேட்கும்போதே பாஸ்போர்ட்டை நீட்டி, இதில் உள்ளபடி எழுதுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளை பெற்றோரில் ஒருவரோடு மட்டும் போனால், மற்றவரின் சம்மதக் கடிதத்தை மாவட்ட அலுவலகத்தில் வாங்க வேண்டும். தாய்லாந்துச் சட்டப்படி 20 வயது நிரம்பும் வரை மைனர்தான். அதனால் கல்லூரி போகிற பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிடாமல், அந்தந்தத் தூதரகத்தின் பட்டியலில் பாருங்கள்.

எந்த நாட்டிடம், எப்போது

"அந்த நாடு சுலபமாகக் கொடுக்குமாம்" என்று கேள்விப்பட்டு அங்கே மனுப் போட்டு, பயணம் முழுக்க வேறு நாட்டில் கழிப்பது ஷெங்கனில் பெரிய தவறு. அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. மனுவை 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். ஏப்ரலில் வரும் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் விடுமுறைக்குப் பாதி நாடே கிளம்பும். ஏப்ரல் பயணத்துக்கு மார்ச்சில் அப்பாயின்ட்மென்ட் தேடினால் கிடைப்பது சிரமம். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளையும், பயணத்தின் எல்லா நாட்களையும் உள்ளடக்கியதாக இருக்கட்டும். விசா வரும்முன் பணம் திரும்பாத டிக்கெட் வாங்காதீர்கள்.

அமெரிக்கா வேறு மாதிரி. வந்தவர் குடியேறத்தான் வருகிறார் என்று வைத்துக்கொண்டே அங்கே சட்டம் தொடங்குகிறது. இல்லை என்று காட்ட வேண்டியது நாம். பாங்காக்கிலோ சியாங் மாயிலோ நடக்கும் நேர்காணல் சில நிமிடம்தான். கொண்டுபோன கோப்பைத் திறக்கச் சொல்லாமலே முடிந்துவிடலாம். டிஎஸ்-160 என்ற விசா மனுப் படிவம் சொல்வதும் வாய் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் அந்தப் படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும், ஒவ்வொரு வரியையும் நீங்கள் படித்த பிறகே அனுப்பவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் தாய்லாந்து மொழியிலேயே பேசலாம். மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களைவிட அது எவ்வளவோ மேல்.

மறுப்பை மறைப்பது

போலி வேலைக் கடிதமும் போலி ஸ்டேட்மென்டும் செய்து தருகிற ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். மாட்டினால் விசாத் தடை விழுவது மனுதாரர் மேல்தான். பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் மனுதாரருக்கு 10 ஆண்டு வரை தடை. ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டு. முன்பு மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடிப்பதும் இதில்தான் சேரும். ஷெங்கனில் கைரேகையும் பழைய மனுவும் எல்லா நாட்டுக்கும் பொதுவான கணினியில் இருக்கின்றன. மறுப்பைச் சொல்லி, அதன் பிறகு என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பத்தி எழுதுவதே வழி. எதுவும் மாறாமல் அதே கோப்பை மறுபடி கொடுத்தால் கட்டணம்தான் வீண். முடிவே தவறு என்று உறுதியாக நம்பினால், மறுப்புக் கடிதத்தில் குறித்த கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

விசா கிடைத்ததும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், எத்தனை முறை நுழையலாம் என்பதெல்லாம் சரியா என்று பாருங்கள். உதாரணமாக, ஷெங்கன் ஸ்டிக்கரில் செல்லுபடியாகும் தேதிகள் 25 நாளுக்கு இருக்கும், தங்கும் நாள் என்ற கட்டத்தில் 10 என்றிருக்கும். அந்த 10தான் கணக்கு. வந்த நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். பிழை இருந்தால் கிளம்புவதற்கு முன்பே தூதரகத்துக்குத் தெரிவித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.