அரசு ஆஸ்பத்திரியில மனநல மாத்திரை இல்லைன்னு திருப்பி அனுப்புனா என்ன பண்ணணும்

செங்கோட்டை, புளியரை பக்கம் இருக்கவங்களுக்குத் தெரியும், இங்க மாத்திரை ஸ்டாக் இல்லைன்னா நம்மள்ல சிலபேரு கேரளாவுல இருக்குற புனலூருக்குத்தான் பஸ் புடிப்போம், நானும் தூக்கமில்லாம கை நடுங்கிட்டே அந்த மலைப்பாதையில போயிருக்கேன். அது நம்ம தலைவிதி இல்லைங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 18ஆவது பிரிவுப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்குற மனநல மருந்து அரசு ஆஸ்பத்திரியில எந்நேரமும் இலவசமா கிடைக்கணும்.

முதல்ல ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. போன தேதி, மாத்திரை பேரு, மில்லிகிராம், கவுண்டர்ல என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் அன்னைக்கே எழுதிருங்க. ஓபி சீட்டுலயே "மருந்து இருப்பு இல்லை"ன்னு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, தரலைன்னா கேட்டதையும் நோட்டுல ஏத்துங்க.

அப்புறம் தனியா போகாதீங்க. நாலஞ்சு பேரு சேர்ந்து திங்கக்கிழமை தென்காசி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுங்க, மனு நம்பர் வாங்காம வெளிய வராதீங்க. யாருக்கு என்ன நோய்னு மனுவுல எழுதணும்னு அவசியமே இல்லை, எந்த மருந்து எத்தனை நாளா இல்லைங்குறது போதும். வக்கீல் வேணும்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, இலவச சட்ட உதவி நமக்கு 27ஆவது பிரிவு குடுத்த உரிமை.

நல்லா இருக்கும்போதே முன்கூட்டிய விருப்ப ஆவணமும் எழுதி வைங்க, எந்த சிகிச்சை வேணும், எது வேண்டாம், நமக்காக யாரு பேசணும்னு. 2001 ஆகஸ்ட் 6 ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில, மனநலக் காப்பகத்துல சங்கிலியில கட்டிப்போட்ட 28 பேரு தீயில போனாங்க, அவங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல.

நடுராத்திரி மனசு தாங்கலைன்னா அரசோட டெலி மனஸ் மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, மனு வேலைய காலையில பாத்துக்கலாம்.