பஸ்ஸின் பக்கத் தகடு ஏன் பெயர்கிறது?

சொகுசுப் பேருந்துகளிலும் மோட்டார் ஹோம்களிலும் (தங்கும் வசதியுள்ள வண்டிகள்) பசையால் ஒட்டிய வெளித்தகடு புடைத்தாலோ ஓரம் தூக்கினாலோ, உடனே பசையைக் குறை சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் பசை பிடித்திருந்த பரப்புதான் கெட்டுப்போயிருக்கும். கூரை விளிம்பு, ஜன்னல் ரப்பர், விளக்குத் துளை வழியாக இறங்கும் தண்ணீர் உள்ளே தேங்கி இரும்புச் சட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உரியும்போது பசையும் கூடவே வந்துவிடும். பெயர்ந்த பசையின் முதுகில் துரு ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம், முதலில் ஒழுகலைத் தேடுங்கள்.

அடுத்தது வெயில். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 10 மீட்டர் நீள அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் 40 டிகிரி சூடேறினால், தகடு சட்டத்தைவிட சுமார் 4 மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். இந்த இழுபறியைத் தாங்க, பசை சில மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். அழுத்திப் பிதுக்கி மெல்லிய படலமாக்கினால் சீக்கிரமே கிழியும்.

விரலால் தட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பசை விட்ட இடம் பொள்ளென்று ஒலிக்கும். அவசரத்துக்கு ஸ்க்ரூ போடுவது எனக்குப் பிடிக்காது, அது தண்ணீருக்குப் புது வாசல். பழைய பசையையும் துருவையும் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பசைத் தயாரிப்பாளர் சொல்லும் பிரைமர் (அடிப்பூச்சு) பூசி ஒட்டுங்கள். அப்புறம், காற்றின் ஈரத்தில் இறுகும் பாலியூரித்தேன் பசை உள்வரை இறுக நாட்கள் ஆகும். அதுவரை தகட்டுக்குத் தாங்கு கொடுத்து, வண்டியை எடுக்காதீர்கள்.